நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

பெருவெள்ளமோ புயலோ நேரும்போதெல்லாம் நிவாரணம், இழப்பீடு என்னும் இரு சொற்களும் ஒன்றுக்கு மற்றொன்றாகச் செய்தித்தாள்களில் வழங்கி வருவதைக் காண்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம் போன்றோர்க்கு இது வெறும் சொல் வழக்கு அன்று. இழப்பீடு என்பது இழந்த பொருளின் மதிப்பைத் திரும்ப அளிப்பது. நிவாரணமோ, அல்லலுற்றவர் மீண்டும் எழுந்து நிற்கும் பொருட்டு உடனடியாகக் கை கொடுப்பது. அரசாங்கத்தின் பேரிடர் நிதி பின்னதற்கே உரியது என்பது மத்திய உள்துறை அமைச்சகம் பலமுறை எடுத்துரைத்த நிலை. வீடு இழந்தவர் அதன் விலையை எதிர்பார்த்துக் கலெக்டர் அலுவலகத்தில் காத்திருந்து மனம் உடைவது, பெரும்பாலும் இவ்வேறுபாட்டை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லாமையால்தான்.

இந்நிதி இடர் வந்த பின்னர் உண்டியல் குலுக்கித் திரட்டப்படுவது அன்று. ஒன்பதாம் நிதிக் குழுவின் பரிந்துரைப்படி, 1990-இல் மாநிலந்தோறும் ஒரு நிவாரண நிதி முன்கூட்டியே ஒதுக்கி வைக்கப்படலாயிற்று. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை ஒட்டி, 2010 முதல் அது மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்னும் வடிவம் பெற்றது. பதினைந்தாம் நிதிக் குழு 2021-26 ஆண்டுகளுக்கு வகுத்த ஏற்பாட்டில், இதன் முக்காற்பங்கு மத்திய அரசினுடையது. காற்பங்கு மாநில அரசினுடையது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலைப் பகுதி மாநிலங்களுக்கும் மத்திய அரசு 90 சதவீதத்தை ஏற்றது. அக்குழுவே ஐந்தில் ஒரு பங்கைத் தனியே பிரித்து, ஊர் மக்கள் தம் இடத்திலேயே இடரின் கடுமையைக் குறைத்துக்கொள்ளும் சிறு பணிகளுக்கென வைத்தது. கடற்சுவர், வெள்ளக்கரை போன்ற பெரும் பணிகள் இதில் அடங்கா.

மாநில நிதி போதாத கடும் பேரிடரில் தேசிய நிதி துணைக்கு வருகிறது. மத்தியக் குழுவொன்று நேரில் வந்து சேதத்தைப் பார்வையிட்ட பின்னரே அதன் அளவு முடிவாகும். அந்நிதிக்கான தனித் தீர்வை புகையிலைப் பொருள்களின் மீதும் விதிக்கப்படுகிறது. புகைப்பவர் அறியாமலே புரியும் அறம் இது போலும்!

2022-26 ஆண்டுகளுக்கான விதிகளில், உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். சமவெளியில் முற்றும் அழிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். சேதமுற்ற குடிசைக்கு 8,000 ரூபாய். உடுதுணி இழந்த குடும்பத்துக்கு 2,500, பாத்திரம் பண்டங்களுக்கு 2,500. இத்தொகைகள் சிறியனவே. ஆயினும் முதல் வாரத்தில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்ட அவை உதவும். வீட்டுக்கான உதவியில் ஒரு நிபந்தனை உண்டு: கட்டடம் அனுமதி பெற்றது என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இங்கேதான் விழிப்பாயிருத்தல் வேண்டும். உதவி வருவது பிறந்த ஊரைப் பொறுத்தன்று. இடர் நேர்ந்த மாநிலத்தின் நிதியிலிருந்தே வரும். 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்கள் புதையுண்டன. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து சென்றோரின் வழிவந்தவர்கள். சிலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. உயிரிழப்புக்கான உதவி இறப்பின் காரணம் குறித்த சான்றைப் பொறுத்தது. உடல் கிடைக்காத குடும்பத்தின் துயரம் இதனால் இருமடங்காவதை எண்ணிப் பாருங்கள். லயமோ, குடியிருந்தோர்க்குச் சொந்தமும் அன்று.

இவ்வளவு பெரிய இடரில் உலகமே உற்றுப் பார்க்கும். நகரத்தின் ஒரு சந்தில் வெள்ளம் புகும்போது அப்படியன்று. கணக்கெடுக்க வரும் ஊழியரின் பட்டியலே எல்லாம். அங்கே நம்மவர்க்குப் பெயரே ஓர் இடையூறு. நாம் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னே வைக்கிறோம். வடபுலத்துப் படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கின்றன. ஆகவே ரேஷன் கார்டில் ஒரு விதமாகவும், பாங்குப் புத்தகத்தில் மற்றொரு விதமாகவும் ஒருவரே இருவராகிவிடுகிறார். பணம் நேரே பாங்குக் கணக்குக்கு வரும் இந்நாளில் இது சிறு பிழையன்று. மழைக்காலத்துக்கு முன்பே இவ்விரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடிருப்பின் திருத்தி, வாடகைச் சீட்டின் நகலோடு நீர் புகாத உறையில் வைப்பது நலம். பட்டியல் எழுதப்படும் நாளில் உள்ளூர் மொழி எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உடனிருந்து, பெயரைப் படித்துப் பார்த்த பின்னரே கையொப்பம் இடுக.