மண்ணறிந்து எழுதியவர்கள்

நாவல் படிப்பவர் சரித்திரத்தைத் தொடுவதில்லை, சரித்திரம் படிப்பவர் கவிதைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்ற வழக்கம் நம் வாசகர்களிடையே வெகுகாலமாக இருந்துவருகிறது. கோவையை அடுத்த துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே போனாலும், மேற்கே தடாகத்துப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுகிற காடு தோட்டங்களைப் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் பல துறைகளில் நல்ல நூல்கள் இருக்கையில், ஒரே துறைக்குள் அடைபட்டுக் கிடப்பது பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம். ஆகையால் அண்மையில் நான் படித்தவையும் மறுபடி படித்தவையுமான சில புத்தகங்களைத் துறைபேதம் பாராமல் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்க விரும்புகிறேன்: எழுதியவர் தாம் எழுதும் வாழ்வின் வேலையையும் வரவுசெலவையும் உள்ளபடி அறிந்திருக்கிறாரா என்பதே அது.

இந்த அளவுக்கு முதலில் ஈடுகொடுப்பது ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. 1942இல் வெளிவந்த இதைத் தமிழின் முதல் வட்டார நாவல் என்று விமரிசகர்கள் கூறுவதுண்டு. அந்தப் பட்டமே அதன் பெருமையைச் சற்று மறைத்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கணவனை இழந்த ஒரு கொங்குநாட்டுக் குடியானவப் பெண், கொழுந்தன் சின்னப்பனின் குடும்பத்தோடு ஒன்றாக இருந்துகொண்டே, தன் பங்குப் பூமியைப் பிரித்துக் கொடுக்கும்படி கேட்கத் துணிகிறாள். ஊரிலுள்ளவர்களின் தூண்டுதலும் பழைய பகையும் உடன்சேர, காரியம் கொலையில் போய் முடிகிறது.

இதைப் பேராசை பிடித்த ஒருத்தியின் கதையாகப் படிப்பவர்கள் அக்காலத்துச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விதவைக்குக் கணவனுடைய பங்கில் ஆயுட்கால உரிமை அளித்த ஹிந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் 1937இல் நிறைவேறிற்று. ஆனால் மாகாணங்களில் உள்ள விவசாய பூமிக்கு அது செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட்டு கூறிவிட, சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றி அக்குறையைப் போக்கியது 1947இல்தான். பூமியைத் தவிர வேறு ஆஸ்தி அறியாத குடும்பத்து விதவைக்குக் கோர்ட்டு வாசலும் அடைபட்டிருந்த காலத்தில் நாகம்மாள் பங்கு கேட்கிறாள் என்பதை உணர்ந்தால், அவளுடைய பிடிவாதத்தின் நியாயம் விளங்கும். ஷண்முகசுந்தரம் அவளை உத்தமியாக்கவும் முயலவில்லை, துஷ்டையாக்கவும் முயலவில்லை. இந்த நடுநிலைமையே நாவலின் ஜீவன்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ என்ற வங்க நாவலையும் ஷண்முகசுந்தரமே தமிழில் தந்திருக்கிறார். 1955இல் வந்த சத்யஜித் ராயின் படத்தைப் பார்த்ததோடு கதை தெரிந்துவிட்டதாக நினைப்பவர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும். படம் கதையில் வரும் ஏழைக் குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படுவதோடு நின்றுவிட, நாவலோ காசியில் அவர்கள் படும் பாட்டையும் தொடர்ந்து சொல்கிறது.

நாகம்மாளுக்குக் கேட்பதற்கு ஒரு பங்காவது இருந்தது. அதே கொங்கு மண்ணில் எந்தப் பங்கும் இல்லாமல் உழைத்தவர்களின் பிள்ளைகளைப் பற்றியது பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000). கவுண்டர் வீட்டில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன் என்ற தாழ்த்தப்பட்ட சிறுவனின் விளையாட்டும் பசியும் பயமும் இதில் இருக்கின்றன. ஆடுகளின் குணத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஆசிரியர் வேறெவரையும் நான் படித்ததில்லை. தோட்டங்காடு உடைய குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்கு இதைப் படிக்கக் கொடுக்க வேண்டும். படிக்கும்போது மனம் நோகத்தான் செய்யும், ஆயினும் கொடுக்க வேண்டும்.

கவிதையில் சிற்பி பாலசுப்பிரமணியத்தின் ‘ஒரு கிராமத்து நதி’ பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தையும் அதன் ஆற்றையும் பாடுவது. தனித்தனிக் கவிதையாகப் பார்ப்பதைவிட ஒரே மூச்சில் படித்தால் அது அதிகம் பிடிபடுகிறது.

தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரைகள் அடங்கியது. காட்டைப் புண்ணிய ஸ்தலமாக வர்ணித்துவிட்டு நகர்ந்துவிடாமல், எந்த உயிர் எந்த வாழிடத்தை நம்பியிருக்கிறது என்று நிதானமாக எடுத்துச் சொல்கிற விதம் எனக்கு மிகவும் பிடித்தது. தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் ஆழ ஆழத் தோண்டப்பட்டதையும், யானைகள் நடமாடும் இடங்கள் குழிகளானதையும், 2021இல் அச்சூளைகள் மூடப்பட்டதையும் அறிந்த எங்களுக்கு, அந்த நூல் வெறும் இயற்கை ரசனையாகத் தோன்ற இடமில்லை.

கடைசியாக, படிக்கும் புத்தகம் என்றே பலர் கருதாத ஒன்று: பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராயிருந்து தொகுத்த தமிழ்க் கலைக்களஞ்சியம். துடியலூருக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியத் தொழில் செய்தவர் அவர். அவ்வித்யாலயத்தை ஸ்தாபித்த தி. சு. அவினாசிலிங்கம் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகமே 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக அதை வெளியிட்டது. விஞ்ஞானக் கட்டுரைகள் பல இன்று பழசாகிவிட்டன என்பது மெய்யே. எனினும் வான சாஸ்திரத்தையும் வைத்தியத்தையும் எந்திர நுணுக்கத்தையும் தமிழிலேயே விளக்க வேண்டுமென்று ஒரு தலைமுறை எடுத்துக்கொண்ட சிரமம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. கீர்த்தனைகள் இயற்றிய ஒரு கவிஞர் இதற்கென்று இத்தனை வருஷங்களைக் கொடுத்ததை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இதை இலவசமாகப் படிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் தொகுதியின் முதல் பக்கத்திலிருந்து போக வேண்டியதில்லை; பருத்தி போட்டவர் பருத்தியையும், லேத்துப் பட்டறையில் நிற்பவர் இரும்பையும் முதலில் எடுத்துப் படித்து, சொன்னது சரிதானா என்று தம் கையனுபவத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, பிறகு தெரியாத விஷயங்களுக்குப் போகலாம்.