தறிக்குழியும் நண்பகல் வெயிலும்

ஆனி பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் மேலகரத்தில் வெயில் முகங்காட்டாத நாட்கள் பல. அந்நாட்களில் மூட்டு வலி என்று மருந்துக் கடைக்குச் சென்று, 60,000 யூனிட் அளவுள்ள வைட்டமின் 'டி' பொட்டலத்தைத் தாமே கேட்டு வாங்குவோர் நம் அங்கத்தினரிலும் உண்டு. அது வீக்கத்தை வற்றச் செய்யும் என்பது அவர்கள் நம்பிக்கை. இதில் பாதியே உண்மை.

காயத்தையும் கிருமியையும் எதிர்க்க உடல் எழுப்பும் சூடும் வீக்கமுமே அழற்சி. அடங்காமல் நீடித்தால் அதுவே மூட்டுகளைக் கெடுக்கும். அதனை மட்டுப்படுத்துவதில் வைட்டமின் 'டி'க்கும் பங்குண்டு. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த சோதனையில், நாள்தோறும் 2,000 யூனிட் ஐந்தாண்டுகளுக்கு மேல் உட்கொண்டோரிடையே, உடல் தன்னையே தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய்கள் 22 சதவிகிதம் குறைவாகத் தோன்றின என்று 2022-ல் அறிவித்தனர். ஆனால் அச்சோதனையிலேயே, முன்பே முழங்கால் வலி உடையோருக்கு அவ்வலி குறையவில்லை. நம்மவர் பொட்டலம் வாங்குவதோ அவ்வலிக்குத்தான்!

குறைபாடு யாருக்கு என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையத்தார் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், வயலில் உழைக்கும் கிராமத்தாரை விட நகரத்தாரிடம் இச்சத்து குறைந்திருந்தது. கிராமத்தாரிலும் பலருக்குப் போதவில்லை. அப்பகுதியில் காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையுள்ள வெயிலே தோலில் இச்சத்தை நன்கு உண்டாக்குகிறது என்றும் அங்கே கண்டறிந்தனர். நாற்று நடுபவர் அவ்வெயிலில் நிற்கிறார். நெசவாளரோ அந்நேரம் தறிக்குழியில் இருக்கிறார். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவது விடியற்காலை வேலை. அவ்வெயில் இதற்கு உதவாது. கூரையின் கண்ணாடி ஓடு வழியே விழும் வெளிச்சமும் பயன்படாது; வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

ஆகவே தறிக்காரர்கள், குறிப்பாக வீட்டை விட்டு வெளிவராத பெண்கள், ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது தகும். குறைவென்று தெரிந்தால் வைத்தியர் வாரம் ஒரு பொட்டலம் வீதம் சில வாரங்களுக்கு எழுதித் தருவார். வாரத்துக்குரியதை நாள்தோறும் உண்டு, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து, வாந்தியும் மலச்சிக்கலும் கண்டு, சிறுநீரகம் கெட்டு மருத்துவமனை சேர்ந்தவர்கள் உண்டு. மிகுதியானது சிறுநீரோடு எளிதில் கழிவதில்லை, கொழுப்பில் தங்கிவிடும்.

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் மூட்டு வீங்கியிருப்பவர், பொட்டலத்தை நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்க. மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது சிறிது நேரம் முற்றத்து வெயிலில் நிற்கலாம்; சாளை மீனும் முட்டையின் மஞ்சட் கருவும் இச்சத்து உள்ளவையே.