மேசை மேல் ஒரு மலை: ஆறு பக்கக் கட்டங்களின் கணக்கு



முதலில் ஒரு சின்ன வேலை. ஒரே அளவுள்ள எட்டு ஒரு ரூபாய் நாணயங்களை வீட்டில் கேட்டு வாங்கி வாருங்கள். ஒன்றைத் தரையில் வையுங்கள். மற்றவற்றை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி சுற்றிலும் வையுங்கள்.

எத்தனை பிடித்தது? சரியாக ஆறு. இன்னொன்றைச் செருகப் பாருங்கள், இடமே இருக்காது. ஒன்றை எடுத்துவிட்டால் ஓட்டை விழும்.

"நாணயம் வட்டம்தானே? இந்த ஆறு எங்கிருந்து வந்தது?" என்று உங்களில் யாரோ கேட்பது என் காதில் விழுகிறது. சபாஷ்! அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே இன்று ஒரு விளையாட்டு மேசைக்குப் போவோம்.

கதையும் பகடையும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றொரு விளையாட்டைப் பற்றி அக்கா அண்ணன்கள் பேசிக் கேட்டிருப்பீர்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறுவார்கள். ஒருத்தி வில்வீராங்கனை, ஒருவன் மந்திரவாதி, இன்னொருவன் திருடன். "குகைக்குள் நுழைகிறாயா, மலை ஏறுகிறாயா?" என்று கதைசொல்லி கேட்பார். நீங்கள் முடிவு செய்வீர்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

கதை வாயால் நடக்கிறது. ஆனால் சண்டை வந்துவிட்டால் தகராறும் வந்துவிடும். "நான் பாறைக்குப் பின்னால் இருந்தேன்!" "இல்லை, நீ வெட்டவெளியில்தான் நின்றாய்!" இதைத் தீர்க்க மேசை மேல் ஒரு குட்டி நிலப்பரப்பையே கட்டிவிடுகிறார்கள். பச்சைத் துண்டு புல்வெளி. சாம்பல் நிறம் பாறை. நீலம் தண்ணீர். எல்லாம் பிளாஸ்டிக். எல்லாமே ஆறு பக்கம் கொண்ட அறுகோணக் கட்டங்கள்.

2004இல் வெளிவந்த ஹீரோஸ்கேப் என்ற விளையாட்டில் இப்படிப்பட்ட துண்டுகள் நிறைய உண்டு. ஒற்றைக் கட்டத் துண்டு, 2 கட்டம், 3 கட்டம், 7 கட்டம், 24 கட்டம் என்று பல அளவுகள். பக்கத்தில் பக்கம் கோத்தால் சமவெளி. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் மலை. கதை விளையாட்டு ஆடுகிறவர்கள் பலர் இந்தத் துண்டுகளை எடுத்துத் தங்கள் மேசைக்கும் நிலம் கட்டிக்கொள்கிறார்கள். இன்று மலை இருந்த இடத்தில் நாளை ஆறு ஓடும். கலைத்துப் போட்டு மறுபடி கட்டலாம்.

ஓட்டை விழாத வடிவங்கள்

சரி, நம் கேள்விக்கு வருவோம். ஏன் ஆறு பக்கம்?

தரையை ஓட்டை விழாமல் ஒரே வடிவத்தால் நிரப்ப வேண்டும். பக்கங்களும் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு முனையில் கூடும் கோணங்களைக் கூட்டினால் 360 டிகிரி வர வேண்டும். ஒரு முழுச் சுற்று.

சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 டிகிரி. ஆறு சேர்ந்தால் 360. சரி! சதுரத்துக்கு 90. நான்கு சேர்ந்தால் 360. அதுவும் சரி! ஐங்கோணத்துக்கு 108. மூன்று சேர்த்தால் 324தான். 36 டிகிரி ஓட்டை. நான்காவதை வைக்க இடம் போதாது. அறுகோணத்துக்கு 120. மூன்று சேர்ந்தால் 360. சரி! ஏழு பக்கத்துக்குப் போனால் மூன்றே 360ஐத் தாண்டிவிடும்.

ஆக, முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றுதான் தேறும். இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

நாணயத்தின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. ஒன்றையொன்று தொடும் மூன்று நாணயங்களின் மையங்களைக் கோட்டால் இணையுங்கள். சமபக்க முக்கோணம் வரும். நடு நாணயத்தில் அதன் கோணம் 60 டிகிரி. அப்படி ஆறு முக்கோணம் சேர்ந்தால் சுற்று முடிந்துவிடும்.

மூலையில் ஒளிந்திருக்கும் குழப்பம்

சதுரமும் ஓட்டை விடாமல் நிரப்புகிறதே, அது போதாதா? நல்ல கேள்வி.

ஒரு சதுரக் கட்டத்தில் உங்கள் வீரனை நிறுத்துங்கள். சுற்றிலும் எட்டுக் கட்டங்கள். அவற்றில் நான்கு பக்கத்தால் தொடுகின்றன. மற்ற நான்கு மூலையால் மட்டும் தொடுகின்றன. நேரே உள்ள கட்டத்தின் மையம் 4 செ.மீ. தள்ளி இருந்தால், மூலைக் கட்டத்தின் மையம் ஏறக்குறைய 5.7 செ.மீ. தள்ளி இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

இப்போது இருவர் ஓடட்டும். ஆளுக்குப் பத்துக் கட்டம். நேராக ஓடியவன் போனது 40 செ.மீ. மூலை மூலையாக ஓடியவன் போனது ஏறத்தாழ 57 செ.மீ. இருவருக்கும் ஒரே வேகம் என்று சொல்லிவிட்டு ஒருவனுக்கு 17 செ.மீ. இலவசமாகக் கொடுத்துவிட்டோமே! நியாயமா?

அறுகோணத்தில் மூலைக் கட்டம் என்ற பேச்சே இல்லை. ஆறு அண்டைக் கட்டங்களும் முழுப் பக்கத்தால் தொடுகின்றன. ஆறின் மையங்களும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. எந்தப் பக்கம் அடி எடுத்து வைத்தாலும் 4 செ.மீ.தான்.

அப்படியானால் அறுகோணத்தில் பிழையே இல்லையா? உண்டு. ஆறு நேர்த்திசைகளுக்கு நடுவே ஒரு திசையில் போக வேண்டுமானால் வளைந்து வளைந்துதான் நடக்க முடியும். அப்படிப் பத்துக் கட்டம் நடந்தால் கிளம்பிய இடத்திலிருந்து சுமார் 34.6 செ.மீ. தள்ளி நிற்பீர்கள். 40க்கு 34.6. வித்தியாசம் ஐந்தரை செ.மீ.கூட இல்லை. சதுரத்தின் 17 எங்கே, இது எங்கே!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 2008இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பில் சதுரக் கட்டம்தான். மூலைக்குப் போனாலும் ஒரு கட்டம் என்றே எண்ணினார்கள். எண்ணுவது சுலபம். ஆனால் மந்திரவாதி வீசும் நெருப்பு எல்லாத் திசையிலும் இரண்டு கட்டம் பரவினால் என்ன வடிவம் வரும்? வரைந்து பாருங்கள். பக்கத்துக்கு ஐந்து கட்டம் கொண்ட சதுரம்! சதுர நெருப்பை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அறுகோணக் கட்டத்தில் அதே நெருப்பு ஏறக்குறைய வட்டமாகவே பரவும். நடுவில் 1, முதல் வளையத்தில் 6, இரண்டாம் வளையத்தில் 12. மொத்தம் 19 கட்டம். மூன்றாம் வளையத்தில் எத்தனை இருக்கும்? கண்டுபிடித்தவர்கள் கையைத் தூக்குங்கள். 18, சரிதான்.

போர் விளையாட்டுக்காரர்களும் இந்த வழியில்தான் வந்தார்கள். சார்லஸ் ராபர்ட்ஸ் என்பவர் தொடங்கிய அவலான் ஹில் நிறுவனம் 1958இல் கெட்டிஸ்பர்க் என்ற விளையாட்டைச் சதுரக் கட்டங்களோடு வெளியிட்டது. 1961இல் அறுகோணத்துக்கு மாறியது. அதே நிறுவனம் 1972இல் வெளியிட்ட காட்டுப் பயண விளையாட்டு ஒன்றின் அறுகோணப் பலகையைத்தான், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பு நாடு சுற்றும் கதைகளுக்குப் பயன்படுத்தச் சொன்னது.

மலை ஏறினால் மூச்சு வாங்கும்

துண்டுகளை அடுக்கினால் உயரம் கிடைக்கிறது என்றேன் அல்லவா? அதில் கொஞ்சம் இயற்பியலும் இருக்கிறது.

ஹீரோஸ்கேப் விதியில் மேலே ஏறும் ஒவ்வோர் அடுக்கும் ஒரு நடையாகக் கணக்கு. இரண்டு அடுக்கு உயரமுள்ள பக்கத்துக் கட்டத்துக்கு ஏற வேண்டுமா? அடுக்குக்கு 2, கட்டத்துக்கு 1, ஆக 3 நடை செலவு. ஏன் இப்படி? உடம்பை மேலே தூக்க ஆற்றல் வேண்டும். மாடிப்படி ஏறிப் பார்த்தால் உங்கள் கால்களே சொல்லும். ஆனால் மேலே நிற்பவருக்குச் சண்டையில் ஒரு பகடை கூடுதல். கஷ்டப்பட்டு ஏறியதற்குக் கூலி!

எதிரி கண்ணுக்குத் தெரிகிறானா என்று சோதிக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் மேசையில் படும்படி குனிய வேண்டும். உங்கள் பொம்மையின் தலைக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். நடுவில் பாறை மறைத்தால் அம்பு விட முடியாது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று பாடத்தில் படிப்பீர்களே, அதுதான் இங்கே நடுவர்.

பிளாஸ்டிக் துண்டு பிறக்கும் விதம்

இந்தத் துண்டுகளை எப்படிச் செய்கிறார்கள்? பிளாஸ்டிக் மணிகளைச் சூடாக்கி உருக்குவார்கள். பொம்மைகளுக்கு அதிகம் பயன்படும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் என்றால் 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு வேண்டும். உருகிய குழம்பை மிகுந்த அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துவார்கள். ஆறியதும் அச்சு திறக்கும். துண்டு வெளியே விழும். குச்சி ஐஸ் செய்வது மாதிரிதான். அச்சில் ஊற்றினோம், குளிர்ந்து கெட்டியானது, எடுத்தோம்.

ஆனால் ஒரு வித்தியாசம். தண்ணீர் உறைந்தால் விரியும். பிளாஸ்டிக் ஆறினால் சுருங்கும். ஏ.பி.எஸ். சுமார் அரை சதவீதம் சுருங்கும். 4 செ.மீ.க்கு 0.2 மி.மீ. அதனால் அச்சையே அந்த அளவுக்குப் பெரிதாகக் கடைவார்கள்.

"இத்துனூண்டு வித்தியாசம்தானே, விட்டுவிடலாமே?" என்கிறீர்களா? விட முடியாது. ஒவ்வொரு கட்டமும் 0.1 மி.மீ. பெரிதாகிவிட்டது என்று வையுங்கள். வரிசையாக 30 கட்டம் கோத்தால் பிழை 3 மி.மீ. சரியான அளவில் செய்த பக்கத்து வரிசையோடு அது சேராது. பிழை சின்னதுதான். ஆனால் அது கூடிக்கொண்டே போகும்.

வீட்டில் உள்ள பிளாஸ்டிக் ஸ்டூலையோ மூடியையோ கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் குழிவாக இருக்கும். குறுக்கே மெல்லிய வரம்புகள் ஓடும். தடிமனான பிளாஸ்டிக் மெதுவாக ஆறும். மெல்லியது சீக்கிரம் ஆறும். இரண்டும் ஒரே பொருளில் இருந்தால் அது கோணிக்கொள்ளும், மேற்பரப்பில் பள்ளம் விழும். அதனால் எங்கும் ஒரே தடிமனில் மெல்லியதாகச் செய்து, வலுவுக்கு வரம்பு கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் மிச்சம்.

எங்கே எது?

அப்படியானால் அறுகோணம்தான் எப்போதும் சிறந்ததா? அவசரப்படாதீர்கள். ஒரு அறையை அறுகோணங்களால் வரையுங்கள். எந்தச் சுவரும் வழவழவென்று நேராக வராது. நான்குமே பல்லுப் பல்லாக வரும், இல்லாவிட்டால் பாதிக் கட்டங்களாக வெட்டுப்படும். அரைக் கட்டத்தில் வீரன் நிற்கலாமா கூடாதா என்று மறுபடி தகராறு! அதனால் அறை, தாழ்வாரம், கோட்டை உட்புறம் என்றால் சதுரம் நல்லது. காடு, மலை, கடற்கரை என்றால் அறுகோணம் நல்லது. வடிவத்தில் உசத்தி தாழ்த்தி இல்லை. வேலைக்கு எது பொருந்துகிறதோ அதுவே சிறந்தது.

நீங்களே செய்யலாம்

விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய அட்டைப் பெட்டியும் ஜியாமெட்ரி பாக்ஸும் போதும்.

காம்பஸை 2.3 செ.மீ. விரித்து அட்டையில் வட்டம் போடுங்கள். விரித்த அளவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே அடுத்தடுத்து வெட்டிக்கொண்டு போங்கள். ஆறாவது வெட்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். புள்ளிகளை ஸ்கேலால் இணைத்தால் அறுகோணம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 4 செ.மீ. இருக்கும். வெட்டும்போது மட்டும் பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

ஏழு அறுகோணங்களை, நடுவில் ஒன்று சுற்றிலும் ஆறாக ஒட்டினால் ஒரு பூத்துண்டு. வெளி ஆறு கட்டங்களிலும் வெவ்வேறு நிலம் வரையுங்கள். இப்படி மூன்று பூத்துண்டுகள் செய்யுங்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாது. மேசையில் மூன்று இடம் குறித்து வைத்தால், எதை எங்கே வைப்பது என்பதற்கு 6 வழி. ஒவ்வொன்றையும் 6 விதமாகத் திருப்பலாம். மொத்தம் 6 × 6 × 6 × 6, அதாவது 1296 வெவ்வேறு நாடுகள்! மூன்றே அட்டைத் துண்டில்!

இந்த விடுமுறையில் செய்து பாருங்கள். நண்பர்களைக் கூப்பிட்டுக் கதை சொல்லி ஆடுங்கள். விதியில் தகராறு வந்தால் குரலை உயர்த்தாதீர்கள், ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள்.