வீட்டில் ஒரு விலை, வீதியில் ஒரு விலை

மின்சாரக் கார் வாங்க எண்ணுவோர், அது எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்கின்றனர். அதைவிட முக்கியமான கேள்வி, இரவில் அதை எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதுதான். சொந்த வீடும் வாகன நிறுத்துமிடமும் உடையவர், உறங்கும் நேரத்தில் வீட்டு மின்சாரத்தில் காரை மின்னேற்றம் செய்துகொள்கிறார். வாடகை வீட்டில் இருப்பவரும், பழைய அடுக்குமாடியில் வசிப்பவரும், தெருவோரம் வாகனத்தை நிறுத்துபவரும் பொது மின்னேற்ற நிலையத்தையே நாட வேண்டியிருக்கிறது.

இதன் விளைவை எளிய கணக்கு ஒன்றால் விளக்கலாம். ஒரு யூனிட் மின்சாரத்தில் கார் 6 கி.மீ. ஓடுவதாகக் கொள்வோம். வீட்டில் யூனிட் விலை 9 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் செலவாகும். பொது விரைவு மின்னேற்ற நிலையத்தில் யூனிட் 24 ரூபாய் என்றால், செலவு 4 ரூபாய். லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில் 20 கி.மீ. ஓடும் காருக்கு ஆகும் செலவு 5 ரூபாய். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், பெட்ரோல் காருடன் ஒப்பிடுகையில் முன்னவருக்கு 3,500 ரூபாய் மிச்சம். பின்னவருக்கு 1,000 ரூபாய் மட்டுமே. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய காரின் முதலை அவர் எப்போது ஈடுகட்டுவார்?

பொது நிலையத்தின் விலை ஏன் இவ்வளவு உயர்கிறது? நடத்துவோரின் லாப நோக்கம் மட்டுமே இதற்குக் காரணமன்று. பொருளியல் வகுப்பில் நான் பல்லாண்டு கற்பித்த நிலைச் செலவு என்னும் கருத்து இங்கே தெளிவாகப் பொருந்துகிறது. 60 கிலோவாட் கருவி நாள் முழுவதும் இயங்கினால் 1,440 யூனிட் வழங்கும். கடனுக்கான வட்டி, இடவாடகை, மின்மாற்றி, பராமரிப்பு என நாளொன்றுக்கு 2,000 ரூபாய் செலவாவதாகக் கொள்வோம். கருவியின் திறனில் 5% மட்டுமே பயன்பட்டால், 72 யூனிட்டுகள் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும். யூனிட்டுக்கு ஏறத்தாழ 28 ரூபாய். 20% பயன்பட்டால் அது 7 ரூபாயாகக் குறையும். கார்கள் வராததால் விலை உயர்கிறது. விலை உயர்வதால் கார்கள் வருவதில்லை. கோழியா, முட்டையா என்ற பழைய சிக்கல்தான் இது.

இந்தச் சிக்கலை வரி மேலும் இறுக்குகிறது. மின்சாரக் காருக்கும் மின்னேற்றக் கருவிக்கும் 2019 ஆகஸ்ட் முதல் ஜிஎஸ்டி 5%. வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பொது நிலையத்தில் பெறும் மின்னேற்றத்துக்கோ 18%! மின்னேற்றம் என்பது மின்சார விற்பனை அன்று, ஒரு சேவை என்று 2018-இல் மத்திய மின்துறை அமைச்சகம் விளக்கமளித்தது. அதனால் மின் விநியோக உரிமம் பெறாமலேயே எவரும் நிலையம் அமைக்க வழி பிறந்தது. அதே 'சேவை' என்ற வகைப்பாடு வரி விதிப்பில் பயனாளிக்குச் சுமையாகிவிட்டது. சொந்த நிறுத்துமிடம் உள்ளவருக்கு வரி இல்லை. இல்லாதவருக்கு வரி உண்டு என்பது எவ்வகை நியாயம்?

விலைக்கு அடுத்தது அணுகல். தெருமுனைத் தேநீர்க் கடையில்கூட யுபிஐ மூலம் பணம் செலுத்திவிடலாம். ஆனால், மின்னேற்ற நிலையங்களில் நிறுவனத்துக்கு ஒரு செயலி, ஒவ்வொரு செயலியிலும் முன்பணம் என்ற நிலை இன்னும் பரவலாக உள்ளது. நிலையத்தை அடைந்த பிறகே கருவி பழுது என்று தெரிவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் முதல் புதிதாக அமைக்கப்படும் விரைவு நிலையங்கள், முன்பதிவு இல்லாத எவரிடமும் வங்கி அட்டை மூலம் கட்டணம் ஏற்க வேண்டும். பிரிட்டனில் விரைவு மின்னேற்றக் கட்டமைப்புகள் ஆண்டுச் சராசரியாக 99% நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது விதி.

நாமும் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவதாக, பொது மின்னேற்றத்துக்கான ஜிஎஸ்டியை 5% ஆக்க வேண்டும். இரண்டாவதாக, பெட்ரோல் நிலையங்களைப் போல வரி உள்பட யூனிட் விலையைச் சாலையிலிருந்தே தெரியும்படி அறிவிக்க வேண்டும். மூன்றாவதாக, மத்திய அரசின் 2024 வழிகாட்டு நெறிமுறைகள் காலை 9 முதல் மாலை 4 மணி வரை நிலையங்களுக்கான மின்கட்டணத்தைச் சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்காகவும், மற்ற நேரங்களில் 1.3 மடங்காகவும் வகுத்துள்ளன. இந்தப் பகல்நேரச் சலுகை வாகன ஓட்டியைச் சென்றடைய வேண்டும். நான்காவதாக, பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொது மின்னேற்றத்துக்கென ஒதுக்கப்பட்ட 2,000 கோடி ரூபாயில் ஒரு பகுதியையாவது, கருவி நிறுவப்பட்டதற்காக அல்லாமல் தொடர்ந்து இயங்குவதற்காக வழங்க வேண்டும்.

எல்லா இடத்திலும் விரைவு மின்னேற்றம் தேவையில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. நெடுஞ்சாலைக்கு வேகம் வேண்டும். குடியிருப்புக்கும் அலுவலகத்துக்கும் செலவு குறைந்த மெதுவான கருவியே போதும்; அங்கே கார் பல மணி நேரம் சும்மா நிற்கிறது. மின்வாகன மின்னேற்றத்துக்குத் தனி இணைப்புப் பெற 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள் இடமளிக்கின்றன. அடுக்குமாடிச் சங்கங்கள் இதற்குத் தடையாக இருக்கலாகாது.

காற்று மாசு குறைவதன் பயன் எல்லோருக்கும் பொது. அதற்கான செலவில் பெரும்பங்கை, சொந்தமாக ஒரு நிறுத்துமிடம்கூட இல்லாதவர் தலையில் சுமத்துவது நல்ல பொருளாதாரமும் அன்று. நல்ல அறமும் அன்று.