மூழ்குவது சுலபம், மேலே வருவது?

1863 அக்டோபர் 15. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஒரு சின்ன இரும்பு நீர்மூழ்கி பயிற்சிக்காக உள்ளே இறங்கியது. மேலே வரவேயில்லை. எட்டுப் பேரும் பலி. அவர்களில் ஒருவர், படகுக்குப் பணம் போட்ட ஹொரேஸ் ஹன்லி. மீட்டபோது முன்பக்க டாங்கின் வால்வு முழுசாகத் திறந்திருந்தது. அதைத் திருப்பும் சாவி தரையில் கிடந்தது என்று, படகைக் கட்டியவர்களில் ஒருவரான வில்லியம் அலெக்சாண்டர் பிற்பாடு எழுதினார்.

மறதி மட்டும் காரணமல்ல. படகின் இரு முனைகளிலும் தடுப்புச் சுவர் எழுப்பி, தண்ணீர் நிரப்ப இடம் விட்டிருந்தார்கள். இதுதான் பாலாஸ்ட் டாங்க். ஆனால் சுவர் கூரையைத் தொடவில்லை. வால்வை மூடாவிட்டால் டாங்க் வழிந்து, ஆட்கள் இருக்கும் இடத்துக்கே தண்ணீர் வரும். வந்தது. அடியில் போல்ட் போட்டுப் பிணைத்திருந்த இரும்பு எடைகளைக் கழற்றிவிடப் பார்த்திருக்கிறார்கள். போல்ட்டுகள் கொஞ்சம்தான் திரும்பியிருந்தன.

இன்று வீட்டுக் கொட்டகையில் ஓரிருவர் உட்காரும் நீர்மூழ்கி செய்கிற ஆர்வலர்கள் பல நாடுகளில் உண்டு. அவர்கள் டாங்கை ஆள் இருக்கும் கூட்டுக்கு வெளியே வைக்கிறார்கள். அடியில் திறந்த துளை, உச்சியில் வால்வு. வால்வைத் திறந்தால் காற்று போய்த் தண்ணீர் ஏறும். சிலிண்டர் காற்றைச் செலுத்தினால் தண்ணீர் வெளியேறும். உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் என்பதால் தடித்த தகடு தேவையில்லை.

அளவுதான் தலைவலி. மொத்தம் 2,000 லிட்டர் கொள்ளளவுள்ள படகின் எடை, ஆளோடு சேர்த்து 1,800 கிலோ என்றால், ஏரியில் மூழ்க 200 கிலோ தண்ணீர் ஏற வேண்டும். அதே படகு கடலில் மூழ்காது. உப்புத் தண்ணீர் கனமானது. இன்னும் சுமார் 50 கிலோ வேண்டும். ஓட்டுபவர் ஒல்லியா குண்டா என்பதும் கணக்கில் சேரும்.

பெரிய டாங்கை அரைகுறையாக நிரப்பி இதைச் சரிக்கட்டலாமே? கூடாது. மிச்சமிருக்கும் காற்று ஆழம் போகப்போகச் சுருங்கும். தண்ணீர் மேலும் ஏறும். படகு மேலும் வேகமாக இறங்கும். பாதி நிரம்பிய தண்ணீர் முன்னும் பின்னும் ஓடி மூக்கைக் கவிழ்ப்பது வேறு. ஆகவே பெரிய டாங்க் ஒன்று நிறைந்திருக்கும், இல்லையேல் காலி. நுணுக்கமான சரிக்கட்டலுக்கு அழுத்தம் தாங்கும் சின்ன டாங்க் தனியாக உண்டு.

காற்றுக்கும் கணக்கு இருக்கிறது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. அங்கே 200 லிட்டர் டாங்கைக் காலி செய்ய, மேற்பரப்புக் காற்றில் 800 லிட்டர் செலவாகும். 200 பார் அழுத்தத்தில் அடைத்த 12 லிட்டர் சிலிண்டரில் இருப்பது சுமார் 2,400 லிட்டர். மூன்று தடவைக்கு முழுசாகக் காணாது.

அதனால் கழற்றிவிடும் எடை இன்றைய படகுகளிலும் இருக்கிறது. போல்ட்டைத் திருகிக்கொண்டிருக்க நேரமிருக்காது என்பதால், உள்ளிருந்து ஒரு லீவரை இழுத்தால் விழுந்துவிடும்படி அமைக்கிறார்கள்.