காற்றுத் துப்பாக்கி வாங்குவோர் கவனத்திற்கு

தோட்டத்தில் கிளியும் மயிலும் புகுந்து பாழ்படுத்தும்போது, ஏர்கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தை விவசாயிகள் முதலிலேயே கைவிடுவது நலம். கிளி, மயில் முதலியவற்றைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காகம், எலி போன்றவற்றைத் தீங்குயிர் எனக் குறித்திருந்த அட்டவணையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. கிடங்கு எலிக்குக் கிட்டியே போதும். தகரக் கொட்டகைக்குள் சுட்டால் ஈயக் குண்டு தெறித்து ஆள்மீதே திரும்பும்.

காற்றுத் துப்பாக்கி குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு உரியது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்றிருப்பதும் இதே பிரிவில்தான். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கித் தர நினைக்கும் பெற்றோர் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலில் காற்று, பிறகு துப்பாக்கி

கிணற்றில் ஊறும் நீரைக் கணக்கிட்ட பிறகே மோட்டார் வாங்குகிறோம். இதற்கும் அதே முறைதான். பலூன் சுடும் கடைகளில் உள்ளது ஸ்பிரிங் வகை. குழாயையோ நெம்புகோலையோ ஒருமுறை மடக்கினால் ஒரு குண்டு சுடலாம். வெளிக்காற்று தேவையில்லை, செலவும் குறைவு. புதிதாகப் பழகுவோருக்கு இதுவே உகந்தது. ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் வைத்திருப்பதும், குண்டு போடாமல் விசையை அழுத்துவதும் கூடாது.

போட்டிகளில் பயன்படுவது, முன்பே காற்று அடைத்து வைக்கும் வகை. இதில் அதிர்வு மிகக் குறைவு, குறி பிசகாது. ஆனால் இதன் சிலிண்டருக்கு 200 பார் அழுத்தம் வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசர் பெரும்பாலும் 8 முதல் 10 பார் வரையே கொடுக்கும்; அதனால் பயனில்லை. இதற்கென உள்ள கைப்பம்பு அல்லது உயர் அழுத்தக் காற்று நிரப்பிய பெரிய சிலிண்டர் தேவை. கைப்பம்பு அடிப்பது கடும் உழைப்பு; சிறுவர்களால் இயலாது.

சிலிண்டர் கணக்கு

துப்பாக்கிச் சிலிண்டரின் கொள்ளளவு 0.2 லிட்டர் என்று கொள்வோம். 200 பாரில் நிரப்பி 100 பார் வரை சுட்டால், மீண்டும் நிரப்ப 20 லிட்டர் காற்று வேண்டும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய சிலிண்டரில் 300 பார் இருந்தால், அது 200 பாருக்கு இறங்குவதற்குள் சுமார் 50 தடவை முழுமையாக நிரப்பலாம். 230 பார் மட்டுமே இருந்தால் 15 தடவைதான். அதன்பின் எஞ்சும் காற்றால் துப்பாக்கி முழு அளவுக்கு நிரம்பாது. ஆகவே சிலிண்டரின் அளவோடு அழுத்தத்தையும் கேட்டு வாங்க வேண்டும். பரிசோதனைத் தேதி கடந்த சிலிண்டரில் காற்று அடைக்கக் கூடாது.

எண்ணூர், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். ஈரக்காற்றை அழுத்தினால் சிலிண்டருக்குள் நீர் படிந்து துரு ஏறும். எனவே ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாத பம்பை வாங்க வேண்டாம்.

ஆக்சிஜன் கூடவே கூடாது

எண்ணூரில் 1949இல் கார் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், திருவொற்றியூரில் 1955இல் வந்த என்பீல்ட் தொழிற்சாலை எனத் தொழில் பெருகிய வட்டாரம் இது. வெல்டிங் பட்டறைக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்கும் இங்கே பஞ்சமில்லை. “அதுவும் காற்றுதானே” என்று அதிலிருந்து நிரப்புவது உயிருக்கே ஆபத்து. உயர் அழுத்த ஆக்சிஜன் துப்பாக்கிக்குள் உள்ள எண்ணெய்ப் பசையைத் தீப்பற்றச் செய்யும்; சிலிண்டர் கையிலேயே வெடிக்கலாம். தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் சிலிண்டரில் உள்ளது போன்ற தூய, உலர்ந்த காற்றையே நிரப்ப வேண்டும். காற்றுப் பாதையில் சாதாரண எண்ணெய் விடுவதும் தவறு.

சட்டமும் பாதுகாப்பும்

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழாய் விட்டம் 4.5 மி.மீ., விசை 20 ஜூல் ஆகிய அளவுகளைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். இவற்றில் ஒன்று கூடினாலும் உரிமம் தேவை. அடையாளச் சான்று கொடுத்து, ரசீதுடன் வாங்குங்கள்.

ராயபுரம் போல வீடுகள் நெருங்கிய இடத்தில் மொட்டை மாடியில் சுடக் கூடாது. தவறிய குண்டு அடுத்த வீட்டுக்காரர் கண்ணைப் பறித்துவிடும். தோட்டத்திலும் இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கி, கண்ணாடி அணிந்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கச் சுட வேண்டும். ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.

காற்று நிரப்பும் இடம் எது, அங்கே போய்வர ஆகும் செலவு எவ்வளவு, சுடுவதற்குப் பாதுகாப்பான இடம் உண்டா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு கடைக்குப் போகலாம். விடை கிடைக்காதவர்கள் ஸ்பிரிங் வகையோடு நின்றுகொள்வதே சிக்கனம்.