வெண்காரத்தை எங்கே வைப்பது?

வெண்காரம் என்றதும் நகை ஆசாரி பற்றவைக்கும்போது தூவுகிற பொடி சிலருக்கு ஞாபகம் வரும். சிலருக்கு நாட்டு மருந்துக் கடை. செம்பனைக்கு உரம் போட்டவர்கள் 'போரேட்' என்பார்கள். எல்லாவற்றிலும் இருப்பது போரான் என்ற ஒரே சத்துதான். கடையில் 'போராக்ஸ்' என்று விற்கும் துவைக்கும் தூளும் வெண்காரமே. வற்றிய உப்பு ஏரிகளில் படிந்து கிடப்பதைத் துருக்கியிலும் கலிபோர்னியாவிலும் வெட்டி எடுக்கிறார்கள்.

சமையல் சோடாவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டும் வெள்ளைப் பொடி என்பதால் வரும் குழப்பம் இது. ஒரு பழைய தட்டில் சிட்டிகை பொடி வைத்து எலுமிச்சம்பழம் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சோடா. வெண்காரம் சும்மா கிடக்கும். நாக்கில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள்.

துணிக்கு என்ன செய்யும்? கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடினால் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து போகும். வெண்காரம் அந்தச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நுரை வரும். அதோடு இது மிதமான காரம் (எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும் தன்மை). வெளிக்காட்டு வேலைச் சட்டையில் ஏறிய வியர்வை நாற்றத்துக்கும் செம்பனைப் பழத்தின் பிசுக்குக்கும் நல்லது. ஒரு வாளிச் சுடுநீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து அரைமணி நேரம் ஊற வைத்து, பிறகு எப்போதும்போல் துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. அடியில் மணலாக நிற்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ரப்பர் பால் கறை இதற்கு அசையாது.

கழிவறைக் கோப்பையில் இரவு கால் கோப்பை தூவிவிட்டுக் காலையில் தேய்த்தால் மஞ்சள் படிவு எளிதாகக் கழன்று வரும்.

எறும்புக்கு? ஒரு கோப்பைச் சுடுநீரில் ஒரு தேக்கரண்டி வெண்காரமும் ஆறு தேக்கரண்டி சீனியும் கரைத்துப் பஞ்சில் நனைத்து வையுங்கள். பொடியைக் கூட்டாதீர்கள். எறும்பு வழியிலேயே செத்தால் புற்றுக்கு அது போய்ச் சேராது. பஞ்சை ஓட்டை போட்ட, மூடியுள்ள டப்பாவுக்குள் வைக்க வேண்டும். இனிப்பு எறும்பை மட்டும் இழுப்பதில்லை, தவழும் பிள்ளையையும் இழுக்கும்.

துவைத்த தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றலாமா? வேண்டாம். கோலசிலாங்கூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1917-இல் மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது இங்கே, பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கம் தென்னமரம் தோட்டத்தில்தான். செம்பனைக்கு போரான் குறைந்தால் ஓலையின் நுனி தூண்டில் முள்ளாக வளைந்துகொள்ளும். அதற்காக போரேட் போடுகிறவர்கள் மரத்துக்கு இத்தனை கிராம் என்று அளந்துதான் போடுகிறார்கள். மிஞ்சினால் அதே பொடி இலையைக் கருக்கிவிடும். பெரிய மரத்துக்கே அந்தக் கணக்கு என்றால் தொட்டிச் செடி என்ன ஆகும்?

"இயற்கைப் பொருள்தானே, பயம் எதற்கு?" இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். நம் வீடுகளில் பிள்ளைக்கு வாய்ப்புண் என்றால் வெண்காரத்தை இரும்புக் கரண்டியில் பொரித்து, அது பொரி போல உப்பியதும் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் 1983-இல் மருத்துவ இதழ் ஒன்று 7 கைக்குழந்தைகளைப் பற்றி எழுதியது. தேனும் வெண்காரமும் கலந்து சூப்பானில் தடவிக் கொடுக்கப்பட்ட அந்தக் குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. தயவுசெய்து அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

உணவிலும் அப்படித்தான். மீ மிருதுவாக இழுபடவும், இறால் தலை கருக்காமல் இருக்கவும் இதன் உறவுக்காரரான போரிக் அமிலத்தைக் கள்ளத்தனமாகச் சேர்ப்பவர்கள் உண்டு. மலேசிய உணவுச் சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1988-இல் பேராக்கில் ஒருவகை மீ சாப்பிட்ட 13 பிள்ளைகள் இறந்தபோது, முக்கியக் காரணமாகப் பூஞ்சை நச்சு சொல்லப்பட்டாலும் போரிக் அமிலத்தின் மேலும் சந்தேகம் விழுந்தது.

தொட்டால் ஆபத்தா? காயமில்லாத தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. காயம், சொறி இருந்தால் உள்ளே போகும். கையுறை போடுங்கள். உடலில் அதிகம் சேர்ந்தால் கருவைப் பாதிக்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருப்பதால், கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு ஆளிடம் விடட்டும்.

பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்தப் பொடி என்று தெரிந்தால் மருத்துவர் பினாங்கிலுள்ள தேசிய நச்சு மையத்தைக் கேட்டுச் சிகிச்சை செய்ய முடியும்.

ஆகவே மைலோ டின்னில் கொட்டி அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். துவைக்கும் இடத்தில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், மூடியில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி வையுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் இருந்தால் மலாயிலும் 'ராச்சுன்' (நஞ்சு) என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கள்.